ட்ரம்பெட் இல்லாத மூன்றாவது ஆல்பம்

குதிப்பது முழங்காலுக்கு நல்லதில்லை என்று மருத்துவர் சொல்கிறார். மனதுக்கு அதைப் போல மருந்து கிடையாது என்று நான் சொல்கிறேன்.

எங்கள் குழு ஸ்கா-பங்க் என்ற துள்ளலிசையை வாசித்தது. கிட்டார் வெட்டி வெட்டிப் பேசும், டிரம்ஸ் தலைதெறிக்க ஓடும், எல்லாவற்றுக்கும் மேலே ட்ரம்பெட் கும்மாளம் போடும். கூட்டத்தோடு சேர்ந்து நாங்களும் மேடையில் குதிப்போம். ட்ரம்பெட் வாசித்தவர் என் அத்தான், அக்காவின் கணவர். நான் பேஸ் கிட்டார். பேஸ் நின்றுபோனால்தான் அப்படி ஒன்று இருந்ததே ஜனங்களுக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

அத்தான் மட்டும் குதிக்கமாட்டார். ட்ரம்பெட் உதட்டில் இருக்கும்போது யாராவது இடித்தால் பல் போய்விடும். அதனால் அவரைவிட்டு இரண்டடி தள்ளித்தான் குதிக்க வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே ஒழுங்கு அதுதான்.

மூன்றாவது ஆல்பத்துக்கு நான் நிதானமான பாட்டுகளாக எழுதிக்கொண்டு போனேன். அத்தான் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா இதுல நான் எங்க ஊதுறது?"

நியாயமான கேள்வி. ஒரு வாரம் யோசித்தேன்.

அந்த வார நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டில், நான் குதித்து இறங்கும்போது என் தோள் ட்ரம்பெட்டின் விரிந்த முனையில் மோதியது. முன்பற்கள் மூன்று போயின. மேலுதட்டில் ஏழு தையல். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கார் ஓட்டினேன். அழுத அக்காவையும் நான்தான் தேற்றினேன். பொய்ப்பல் அழகாகப் பொருந்திவிட்டது. உதடுதான் இனி காற்றைப் பிடிக்காது என்றார்கள்.

ஆல்பம் வெளிவந்தது. குழு பக்குவப்பட்டுவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. பேஸ் கிட்டாருக்கென்றே ஒரு பத்தி எழுதியிருந்தார்கள். அதை ஐந்தாறு தடவை படித்தேன், சந்தோஷமாக இருந்தது. அத்தான் இப்போது அரங்க வாசலில் எங்கள் குழுவின் பெயர் அச்சிட்ட பனியன்களை விற்கிறார். வாய்ச்சாலக்காரர், வியாபாரம் அமோகம்.

போன வாரம் பனியன்களை மடித்துக்கொண்டே கேட்டார்.

"நாலு வருஷமா என் பக்கத்துலயே குதிச்சே. ஒரு நாள்கூட மேல பட்டதில்ல. அன்னிக்கு மட்டும் எப்படி மச்சான் தவறுச்சு?"

"கால் வழுக்கிடுச்சு அத்தான்" என்றேன்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அன்றைக்கு எதுவும் தவறவில்லை. அதற்கு முந்தைய நான்கு வருடமும்தான் குறி தவறிக்கொண்டே இருந்தது.