சுவரைப் பார்த்த நோட்டீஸ்

— எட்டே எட்டு டீ போதுமா, கிளார்க்கு சார்? நகர்மன்றக் கூட்டமாச்சே, பொதுஜனத்துக்கு வேண்டாமா?

— எந்தப் பொதுஜனம் அக்கா? விதிப்படி யார் வேணா வந்து உக்காரலாம். வரணுமே!

— அதான் எனக்கும் புரியல. இத்தனை வருஷமா இந்த ஹாலைக் கூட்டுறேன், பின்வரிசை நாற்காலியில தூசியைத் தவிர யாரும் உக்காந்து பார்த்ததில்ல.

— சொன்னா வெளிய விடமாட்டியே?

— எனக்கும் துடைப்பத்துக்கும்தான் சார் பேச்சுவார்த்தை.

— விதிப்படி மூணு நாள் முன்னாடி, பொதுஜனம் வந்துபோற கதவுல நோட்டீஸ் ஒட்டணும். ஒட்டிட்டேன், இதே ஹால் கதவுல. காலையில கதவைத் திறந்து சுவத்தோட சாய்ச்சா நோட்டீஸ் சுவத்தைப் பார்க்கும். சாயங்காலம் கதவை மூடினா, வெளி கேட்டையும் பூட்டிடுவோம். எப்படி?

— அடேங்கப்பா! மூளையா சார் அது!

— இருபது வருஷ சர்வீஸ் அக்கா.

— சரி, இன்னைக்கு என்ன தீர்மானம்?

— மார்க்கெட்டுல பொம்பளைங்க கழிப்பறை இருக்குல்ல? அதை இடிச்சுட்டு, தலைவர் காருக்கு ஷெட்டு.

— என் தங்கச்சி அங்கதான் சார் காய்கறி விக்கிறா. விடியறதுக்கு முன்ன போனா, இருட்டினப்புறம்தான் வருவா. நடுவுல அவ எங்க போவா?

— அதை விதிப்படி கூட்டத்துல வந்து கேக்கணும். 'ஆட்சேபணை ஏதுமில்லை'ன்னு மினிட் புத்தகத்துல எழுதியே வச்சுட்டேன்.

— கூட்டம் ஆரம்பிக்கவே இல்லியே. அடிச்சுட்டு மாத்தி எழுதலாம்ல?

— உன் வேலையைப் பாரு. அந்தக் கதவை இப்படி இழு, நோட்டீஸை எடுத்து ஃபைல்ல வைக்கணும்.

— அது அங்க இல்லியே.

— இல்லியா? கிழிச்சுட்டியா?

— ஐயையோ, சர்க்கார் காகிதத்தைக் கிழிப்பேனா? மொத நாள் சாயங்காலம் கதவைச் சாத்தறப்ப பார்த்தேன். நாள் பூரா சுவத்தையே வெறிச்சுட்டு இருந்திருக்கு, பாவம். பதமா தண்ணி தொட்டு உரிச்சு, வேற இடத்துல ஒட்டிட்டேன்.

— யாரைக் கேட்டு ஒட்டின? இரு... மாடிப்படியில என்ன சத்தம்? இத்தனை பொம்பளைங்க எதுக்கு ஏறி வராங்க?

— பதறாதீங்க. நானும் விதிப்படிதான் சார். பொதுஜனம் வந்துபோற கதவாப் பார்த்துத்தான் ஒட்டினேன்.

— எந்தக் கதவு?

— மார்க்கெட் கக்கூஸ் கதவு. உள்பக்கமா. உக்காந்தா நேரா கண்ணுல படும் சார்.