தோல் சீவிய ஆப்பிள்

2012இல் நோன்பு கச்சான் காற்றோடு வந்தது. அந்தக் காற்றில் தொண்டை சீக்கிரம் வறண்டுவிடும்.

ஆப்பிள் எனக்கும் ஒத்துக்கொள்ளாது. உதடு அரிக்கும், தண்ணீர் குடித்தால் போய்விடும். என் தம்பி முபீனின் மனைவி ஸம்ஸியாவுக்கு அப்படி அல்ல. சிவப்புப் பழத்தைத் தோல் சீவிக் கொடுத்தால் தின்பாள், ஒன்றும் செய்யாது. தோலோடு தின்றால் நாக்குத் தடிக்கும். தலைநோன்பு அன்று பச்சைப் பழத்தில், தோல் சீவியும், ஒரு கீற்றுத் தின்றாள். குரல் அடைத்து, கண் வீங்கி, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

மறுநாள் முபீன் என்னைக் காட்டிச் சிரித்தான். “நசீறா ராத்தாவுக்கு உதடு, உனக்குத் தொண்டை. ஆப்பிளும் ஆள் பார்த்துத்தான் கடிக்குது.”

“நீங்க கடிக்கிறதுக்கு அது பரவாயில்ல,” என்றாள்.

நானும் சிரித்தேன்.

1990இல் இந்த முசலியிலிருந்து முஸ்லிம்கள் எங்களையெல்லாம் துரத்தியபோது எனக்குப் பதினெட்டு வயது. சண்டை முடிந்து புத்தளம் முகாமிலிருந்து திரும்பினால், வாப்பாவின் வீடு இருந்த இடத்தில் காடு. நானும் முபீனும் வெட்டித் தகரக் கொட்டில் போட்டோம். ஸம்ஸியா புத்தளத்தில் பிறந்தவள்.

“பெருநாள் முடியப் புத்தளம் போறம், மதினி. இவரும் ஓமெண்டுட்டார். நீங்களும் வாங்கோவன். இந்தக் காட்டுக்குள்ள தனிய என்ன செய்யப்போறீங்க?”

அன்பாகத்தான் கேட்டாள். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவள் இல்லாவிட்டால் முபீனுக்குப் புத்தளத்தில் என்ன வேலை?

நோன்பு திறக்கும் நேரத்தில் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். வான் வண்டி வைத்திருக்கும் சாஹுல் ஹமீட் நானாவும் அங்கேதான். மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை குண்டும் குழியும். இவை எதையும் நான் உண்டாக்கவில்லை.

பச்சைப் பழத்தைச் சீவினேன். சீவிவிட்டால் இரண்டும் ஒரே வெள்ளைதான். புளிப்புத் தெரியாமல் சீனி தூவிப் பேரீச்சம்பழத்தோடு வைத்தேன். பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவள் ஒரு துண்டோடு நிறுத்தமாட்டாள். நிறுத்தவுமில்லை. வான் மன்னார்ப் பாலத்தைத் தாண்டுமுன் மூச்சு நின்று மௌத்தாகிவிட்டாள்.

முபீன் இப்போதும் என்னோடுதான் இருக்கிறான். அதிகம் பேசுவதில்லை.

அவளை நான் ஏமாற்றியதாக எழுதாதீர்கள். நான் பொய் சொல்லவில்லை. பாங்கு ஒலிக்கும்போது நான் வாய் திறப்பதில்லை. சிறு வயதிலிருந்தே அப்படி. கையில் ஒரு துண்டோடு அவள் என்னைப் பார்த்தது பாங்கு தொடங்கிய பிறகுதான்.

“சீவிட்டீங்களே, மதினி. இது சிவப்புத்தானே?”