வெள்ளிக் குழாய்

மாலை நாலரை மணி... ஜனவரி மாதம். நம் டகோட்டாவில் ஜனவரியில் நாலரை மணி என்றால் இருட்டத் தொடங்கிவிடும். இப்போது நீங்கள் பாலத்தைத் தாண்டி வந்தீர்களே, அதே சாலைதான். அன்று பாலம் இல்லை. ஓடை உறைந்து கிடந்தது. பனிமேல் ஒரே ஒரு சறுக்கு வண்டி... அதில் டாக்டர் ஆரின் கால்டர். என் சிநேகிதி எஸ்தரின் தாத்தா.

கதவை நன்றாகச் சாத்திவிட்டு வாருங்கள். இன்னும் நெருங்கி உட்காருங்கள்.

சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான் டாக்டர். அந்தக் குளிர்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய் வீடு வீடாகப் புகுந்து குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சவ்வு படரும். மூச்சு நின்றுவிடும். கழுத்தைக் கீறி, ஒரு சின்ன வெள்ளிக் குழாயைச் செருகினால் பிழைக்க வழி உண்டு. அவரிடம் இருந்தது ஒரே ஒரு குழாய். இன்னொன்று சிகாகோவிலிருந்து வரவேண்டும். ரயிலோ பனியில் புதைந்து கிடந்தது.

நாலு நாளைக்கு முன்னால் அந்தக் குழாயை, நார்வேக்காரர் ஹால்வரின் ஆறு வயது மகள் சிக்னேயின் கழுத்தில் செருகியிருந்தார். வீட்டுக் கதவைக் கழற்றி இரண்டு பீப்பாய்கள்மேல் போட்டு, அதில் அவளைக் கிடத்தி, ஹால்வர் விளக்கைப் பிடிக்க, கீறினார். ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம்... வீய்ய்... என்று ஒரு மெல்லிய சீழ்க்கை. மூச்சு வந்துவிட்டது.

"ஒரு வாரம் இது கழுத்துலயே இருக்கணும். அடைச்சுக்காம கோழி இறகால சுத்தம் பண்ணிக்கிட்டே இருங்க" என்று அவள் அம்மா ரக்னாவிடம் சொல்லிவிட்டு வீடு திரும்பினார். ஓடிவந்த மகன் ஜூடை, கோட்டைக்கூடக் கழற்றாமல் தூக்கி முத்தமிட்டார்.

அந்தக் கோட்டில்தான் நோயும் வந்தது.

நாலாம் நாள் மதியம் ஜூடின் உதடுகள் நீலம் பாரித்தன. அவர் மனைவி லவினியா கட்டிலருகே நின்று கேட்டாள். "குழாய் எங்க, ஆரின்?"

"அந்தப் பொண்ணு கழுத்துல."

"எத்தனை நாளா?"

"நாலு."

"அவளுக்கு நாலு நாள் கெடச்சுதுல்ல? என் புள்ளைக்கு?"

அவர் வண்டியைப் பூட்டினார்.

ஹால்வரின் மண் வீட்டில் காப்பி வாசனை. விறகுக்குப் பதிலாக முறுக்கிப் போட்ட வைக்கோல் எரியும் வாசனை. அதற்கும் அடியில், அந்த நோய்க்கே உரிய இனிப்பான அழுகல் வாடை.

"வாங்க டாக்டர்! காலையில என்ன கூத்து தெரியுமா?" என்று ஹால்வர் சிரித்தார். "கெட்டில் கொதிக்குதுன்னு எந்திரிச்சு ஓடுறேன்... பார்த்தா நம்ம மக ஊதுறா!"

சிக்னேயும் சத்தமில்லாமல் சிரித்தாள். குழாய் இருக்கும்வரை குரல் வராது. மூச்சு மட்டும்தான். அதில் ஒரு தாளம் இருந்தது. இரண்டு சீழ்க்கை, ஒரு சின்னத் தடுக்கல்... மறுபடி இரண்டு.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "நல்லாத் தேறிட்டா. இனி எடுத்துடலாம்."

"ஒரு வாரம்னு சொன்னீங்களே?" என்றாள் ரக்னா.

"டாக்டர் நீங்களா, நானா?"

"அவரு படிச்சவரு, நீ சும்மா இரேன்" என்று ஹால்வர் மனைவியை அதட்டினார்.

எடுத்தார். கழுத்தில் துணியைக் கட்டினார். சிக்னே வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். கொஞ்சம்தான் வந்தது. மறுபடி இழுத்தாள். அவள் கண்கள் அவரைத் தேடின... அவர் தொப்பியைத் தேடினார்.

ரக்னா அடுப்பிலிருந்து ஒரு சூடான செங்கல்லை எடுத்து, கம்பளித் துணியில் சுற்றி, வண்டியில் அவர் காலடியில் வைத்தாள். "பாவம், இந்தக் குளிருல எங்களுக்காக வந்தீங்க."

திரும்பும்போது இருட்டிக்கொண்டு வந்தது. காற்று துளியும் இல்லை. குதிரையின் குளம்புச் சத்தம் மட்டும். குழாய் கைக்குட்டையில் சுற்றி அவர் கோட்டுப் பைக்குள் இருந்தது.

பாதி வழியில்... வீய்ய்.

குதிரை காதை விடைத்தது.

வீய்ய்... வீய்ய்... ஒரு தடுக்கல். அவர் பைமேல் கையை வைத்து அழுத்தினார். கைக்குட்டை ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும். உள்ளங்கையில் மூச்சு முட்டி முட்டி மோதியது. அந்த இனிப்பு வாடை மூக்கில் ஏறியது. அவர் சாட்டையை ஓங்கினார். வண்டி பறக்கப் பறக்க, சீழ்க்கையும் வேகமாகி, மெலிந்து... ஓடைக்கு வந்ததும் நின்றுவிட்டது.

அப்பாடா என்றுதான் அவருக்குத் தோன்றியதாம்.

அன்றிரவு லவினியா விளக்கைப் பிடிக்க, சொந்த மகனின் கழுத்தைக் கீறினார். குழாய் ஊதியது. ஜூடின் உதடுகள் சிவந்தன. லவினியா மண்டியிட்டு அழுதாள். டாக்டர் மட்டும் கட்டிலைவிட்டு நகரவில்லை. மகனின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்பு ஏறியது... குழாய் ஊதவில்லை. இறங்கியது... ஊதவில்லை. நடுவில், அது பாட்டுக்குத் தனியாக ஊதியது. இரண்டு. ஒரு தடுக்கல். இரண்டு.

மூன்றாம் நாள் ரக்னா வந்தாள். தலைமுண்டில் பனி.

"மண்ணு பாறையா உறைஞ்சு கெடக்கு. குழி வெட்ட முடியல. கொட்டாயில வச்சிருக்கோம். அவரு அவகூடவே உக்காந்திருக்காரு" என்றாள். திட்டவில்லை. அழவுமில்லை. "எப்ப போனா தெரியுமா டாக்டர்? நீங்க ஓடையைத் தாண்டிக்கிட்டு இருந்திருப்பீங்க."

அப்போதுதான் அவள் காதில் அது விழுந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டாள். நாலு நாள் இரவும் பகலும் தூங்காமல் கேட்ட மூச்சு அல்லவா? நேராக ஜூடின் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தாள். ஏப்ரன் பையிலிருந்து கோழி இறகை எடுத்து, குழாயைப் பதமாகத் துடைத்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது.

"நல்லாத் தேறிட்டா டாக்டர்" என்றாள். விரல்கள் குழாயைக் கழுத்தோடு கட்டியிருந்த நாடாவில் இருந்தன. "இனி எடுத்துடலாமா?"

டாக்டர் அவள் காலில் விழுந்தார்.

அவள் எடுக்கவில்லை. ஆனால் தான் சாகும்வரை தினமும், சிக்னே போன அதே மாலை நாலரைக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவாள். தடுக்க யாருக்கும் துணிவில்லை. குழாயை எடுத்தால் ஜூடுக்கு மூச்சடைக்கும். வளர்ந்தபின் பெரிய குழாய் போட்டுப் பார்த்தார்கள். மூச்சு வரவில்லை. அதே சின்னக் குழாய்தான். அதோடுதான் நிலத்தை உழுதார், கல்யாணம் செய்தார், எஸ்தரைப் பெற்றார்.

போன குளிர்காலத்தில் ஜூட் காலமானார். வந்த புது டாக்டர் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இல்லை என்று தலையாட்டினார். எஸ்தர் அப்பாவின் கண்களை மூடினாள். வெள்ளைத் துணியை எடுத்து முகத்தையும் கழுத்தையும் மூடினாள்.

கழுத்துக்கு நேராக, அந்தத் துணி... மெல்ல எழும்பித் தாழ்ந்தது.

இரண்டு தடவை. ஒரு தடுக்கல்... மறுபடி இரண்டு.