தோள் கொடுத்ததற்கு மார்க் போனது

"ஹோஸ் பைப்பைத் தொட்டேன்னு மார்க்கக் கொறைச்சுட்டாக தம்பி."

மதுரைக்குப் போகும் உசிலம்பட்டி பஸ்ஸில் என்னருகே நின்றிருந்த தீயணைப்புக்காரர், தனக்கு முன்னால் அதே கம்பியைப் பிடித்தபடி நின்ற, அவருடைய நிலையத்தில் வேலை பார்க்கும் இளையவரிடம் சொன்னார்.

"ஆபீசர் ட்ரெய்னிங்ல தொடக் கூடாதாண்ணே?"

"கூடாதாம். வெளிய நின்னு எல்லாரையும் பாக்கணும். நாமளே பைப்பப் பிடிச்சா, உள்ள போனவனுகள யாரு பாப்பா? எனக்கும் புரியுது. ஆனா தண்ணி வந்த வேகத்துல முன்னாடி நின்னவன் தடுமாறுனான். ஓடிப் போயி முதுகுக்குத் தோள் குடுத்துட்டேன்."

"வைக்கப்படப்பு எரிஞ்சப்ப எனக்குக் குடுத்தீங்களே, அப்புடியா?"

"அன்னைக்கு எம்புட்டு நேரம் நின்னோம். உன் சட்டைச் சூடு இன்னும் என் தோள்ல இருக்கு."

பெரியவர் கம்பியில் கையை மாற்றிப் பிடித்தார்.

"திங்கக்கெழம மறுபடி டெஸ்ட் வைக்கிறாக. இந்தத் தடவ கையக் கட்டிக்கிட்டு நிக்கப் போறேன். பாஸானா, நாளப்பின்ன உன்னைய நாந்தான் தீக்குள்ள அனுப்பணும்."

செக்கானூரணியில் நின்ற பஸ் குலுங்கிக் கிளம்பியது. இளையவர் பின்னால் சாய, பெரியவரின் தோள் அவர் முதுகுக்கு முட்டுக்கொடுத்தது.

"இப்பவும் மார்க் போச்சுண்ணே" என்றார் இளையவர், திரும்பாமல்.