ரெட்டைவேலித் தடம்

அது ஆச்சு எத்தனையோ தலைமுறை. நொச்சிவலசுல அன்னைக்கு ஓட்டு வீடே கெடையாது. அவங்கவங்க தோட்டத்துல ஒரு ஓலைச்சாளை, முன்னால ஒரு வாசல், சுத்திலும் குச்சி நட்டுத் துளுக்க விட்ட கிளுவை வேலி, அவ்வளவுதானாமா. ஊம் போட்டுக் கேளுங்க. இல்லாட்டி நான் எந்திரிச்சுப் போயிருவேன்.

அந்த ஊர்ல சென்னியப்பன், நாச்சிமுத்துன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு. பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், நடுவுல ஒரே வேலி. கிணறு ரெண்டு பேருக்கும் பொது. வேலியை ஒட்டித் தம்பி பக்கமாத்தான் கிணத்துக்குத் தடம் போவுது. சென்னியப்பனுக்கு வாக்கப்பட்டு வந்தவ பாவாத்தா. நம்ம கதையே அவதான்.

ஒரு வருசம் மழையே இல்லையாமா. நாச்சிமுத்து பொண்டாட்டியோட மாடு கன்னையெல்லாம் ஓட்டிக்கிட்டு மேக்கே மலையடிவாரத்துக்கு மேய்ச்சலுக்குப் போயிட்டான். பாவாத்தா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிட்டா. ரெண்டு பேரும் திரும்பி வர்றப்ப பங்குனி. வேப்பமரம் எலையெல்லாம் கொட்டிட்டுக் கொழுந்து விட்டு நிக்குது. வாசல் பூராவும் சருகு.

கைப்புள்ளையோட வந்து நின்னவ, "ஏனுங்க மாமா, வாசல் அகலமாத் தெரியுதே?"ன்னு கேட்டாளாமா.

"வேலி செல்லரிச்சு விழுந்துருச்சு, புதுசா முளைக்குச்சி நட்டேன். சருகு கெடக்கறதுல அப்படித் தெரியுது. புள்ளை பெத்தவ கண்ணுக்கு எல்லாமே பெருசாத்தான் தெரியும், உள்ள போ"ன்னானாமா.

போனா. ஆனா மனசுல ஒரு உறுத்தல்.

அன்னையில இருந்து சீமாறைக் கையிலயே தொடாத அந்த ஆம்பளை விடியறதுக்குள்ள வேலியோரம் கூட்டறான். சாணியைக் கரைச்சு வழிக்கறான். "நீ பச்சை ஒடம்புக்காரி, குனியாதே"ங்கறான். பாவாத்தாளுக்குப் பூரிப்பு தாங்கல. புள்ளை பொறந்ததும் இந்த மனுசனுக்கு என்ன பாசம்னு நெனைச்சாளாமா. நெனைக்கட்டும், நெனைக்கட்டும்.

நாச்சிமுத்து வந்து பாக்கறான், கிணத்துத் தடத்தையே காணோம்! அவன் மாடு தண்ணிக்குப் போவோணும்னா ஊரைச் சுத்திப் போவோணும். காத்தாலயும் வந்து வேலியோரம் நிக்கறான், பொழுதுசாயவும் வந்து நிக்கறான். பாவாத்தா புள்ளையை மறைச்சுக்கிட்டு ஓரக்கண்ணால பாக்கறா.

"அண்ணி, வேலி நகந்து வந்தாப்ல இருக்குதுங்க"ன்னானாமா.

"வேலிக்கென்ன காலா மொளைச்சிருக்குது?"ன்னு வெடுக்குன்னு கேட்டுட்டா.

சென்னியப்பன் அவ காதுல ஓதறான். "ஆளு நடக்காமத் தடம் தூந்துபோச்சு, பழியை நம்ம வேலி மேல போடறான். அவன் பார்வையே சரியில்லை. மலைப்பக்கம் போனவன் என்னத்தைக் கத்துக்கிட்டு வந்தானோ! நம்ம வாசல்ல செய்வினை மருந்து கிருந்து வெப்பான், பாத்துக்க." அவ்வளவுதான். அவன் இருமுனா சந்தேகம், சிரிச்சா சந்தேகம். அவன் பொண்டாட்டி குடுத்துவிட்ட கம்பங்கூழைக்கூட இவ நாய்க்கு ஊத்திட்டாளாமா. நாய் வாலை ஆட்டிக்கிட்டு இன்னும் கேட்டுச்சு, அது வேற விசயம்.

வழக்கு ஊருக்குப் போச்சு. பெரியவங்க சொன்னாங்க, "சென்னியப்பன் வாயி நமக்குத் தெரிஞ்சதுதான். அவன் பொண்டாட்டி பாவாத்தா பொய் பேசமாட்டா. அவ வாக்கப்பட்டு வந்தப்ப நின்ன எடத்துலதான் வேலி நிக்குதுன்னு, மாரியாத்தா நோம்பியன்னைக்குத் தன்ற புள்ளை தலையில கை வெச்சு அவளே சொல்லட்டும். தடத்தை அண்ணனுக்கே விட்டர்றோம்."

புள்ளை தலையிலயா! பாவாத்தா புள்ளையை மாரோட அணைச்சுக்கிட்டா. புருசன் முகத்தைப் பாத்தா. "உள்ளதைச் சொல்றதுக்கு என்ன பயம்?"ங்கறான். சரின்னு தலையாட்டிட்டா.

நோம்பிக்கு முன்னால சென்னியப்பன் தூரத்து மாட்டுச் சந்தைக்குக் கெளம்பினான், போய்வர ஏழெட்டு நாளாவும். கெளம்பறப்ப சொன்னானாமா, "மழை கிழை பேஞ்சா வேலியோரம் நல்லாக் கூட்டிச் சாணி வழிச்சிரு. அங்க எது மொளைச்சாலும் அப்பவே புடுங்கிப் போட்டுரு. அவன் வெச்ச மருந்தாத்தான் இருக்கும்."

அன்னைக்கே வானம் இருட்டிக் கோடை மழை கொட்டுச்சு பாருங்க! இடியும் மின்னலும், வாசல் பூராவும் வெள்ளம். வழிச்சிருந்த சாணியெல்லாம் கரைஞ்சு போச்சு. மறுநாள் சீமாறை எடுத்தவ டக்குனு நின்னா. இந்த ஈர மண்ணுல கொழுந்தன் வந்தா காலடி விழுமில்ல? கூட்டாம விட்டாத்தான திருடன் காலு தெரியும்? சீமாறைச் சொருவி வெச்சுட்டா. மறுநாளும் கூட்டல, அதுக்கு மறுநாளும் கூட்டல. போறவ வர்றவ எல்லாம், "ஏனம்மணி, சோம்பேறியாயிட்டியா?"ன்னு கேட்டாளுகளாமா. இவ வேலியோரத்தையே பாத்துக்கிட்டு இருந்தா.

ஒரு காலடிகூட விழல. ஆனா ஒரு விடியக்காலம் வாசல்ல வந்து நின்னவளுக்குத் திக்குன்னு ஆயிப்போச்சு. வேலிக்கு இந்தப் பக்கம், அவ வாசலுக்குள்ளயே பச்சைப்பச்சையாத் துளிரு. கிழக்கே இருந்து மேக்கே வரைக்கும், கயிறு புடிச்சாப்ல ஒரே வரிசை.

மருந்து வெக்கறவன் வரிசையாவா வெப்பான்? உக்காந்து விரல்ல கிளறிப் பாத்தாளாமா. மண்ணுக்குள்ள கிளுவைக்கட்டை, அருவா வெட்டுத் தழும்போட. பழைய வேலி! அடியோட வெட்டி, மேல சாணி வழிச்சு, தெனமும் கூட்டுனது எதுக்குன்னு அப்பத்தான் வெளங்குச்சு. பாசமா அது? அட கேடுகெட்டவனே!

அதைப் புடுங்கிப் போட்டுட்டாப் போதும், தடம் அவளுக்குத்தான். ஒரு கண்ணும் பாக்கல. சாளைக்குள்ள புள்ளை அழுவுது. அந்தச் சத்தம் கேட்டதும் எந்திரிச்சா. வேலியோரம் போய்க் கூப்புட்டா பாருங்க, ஊருக்கே கேட்டுச்சாமா.

"கொழுந்தனாரே! ஊரைக் கூட்டிக்கிட்டு வாங்க! வேலிக்குக் காலு மொளைச்சது நெசந்தான்!"

சந்தையில இருந்து வந்த சென்னியப்பன் பாக்கறான், வாசல் நெறைய ஆளுக. நடுவுல புள்ளையோட பொண்டாட்டி. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதானாமா. "தடம் வேணும்னா என்ற தலையில கை வெக்கச் சொல்லியிருக்கலாமில்ல. இவன் தலைதான் கெடைச்சுதா உனக்கு?"

புது வேலியைப் புடுங்கறதுக்கு நாச்சிமுத்து வந்தான். அதுக்குள்ள அதுவும் வேர் புடிச்சுருச்சு. "விடுங்க, அதுவும் நிக்கட்டும். தெனம் கண்ணுல படட்டும்"னுட்டா பாவாத்தா. ரெண்டு வேலிக்கும் நடுவுல கிணத்துக்குப் போற தடந்தான் ரெட்டைவேலித் தடம். இன்னைக்கும் மாடு போவுது, மனுசன் போறான்.

நொச்சிவலசுல மொதக் கோடை மழை பேஞ்சா, துளிரு வர்ற வரைக்கும் எவளும் வாசல் கூட்டமாட்டா. சருகும் சேறுமாக் கெடக்கும். பொண்ணு பாக்க வர்ற அசலூர்க்காரங்க மொகத்தைச் சுளிப்பாங்க. சுளிச்சுட்டுப் போவட்டும். எவனாச்சும் புள்ளை மேல சத்தியம்னு ஆரம்பிச்சா, எங்கூர்ப் பொம்பளைங்க இன்னைக்கும் ஒரே பேச்சுத்தான் பேசுவாங்க: "மொதல்ல மழை பேயட்டும்."