நாலில் ஒண்ணு

— என் பொண்ணைப் புதைச்ச குழி எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க, பாஸ்டர்.

— பெத்தவனுக்கு அதைச் சொல்ற வழக்கம் நம்மகிட்ட இல்லைன்னு உனக்கே தெரியும், அகின்லாபி. காலையிலேயே உன் சித்தப்பா வீட்டு ஆளுங்க அடக்கம் பண்ணிட்டாங்க. அதோட விடு. என் வீட்டுக்காரி மரவள்ளி மாவுல எபா கிளறி வச்சிருக்கா, ரெண்டு வாய் சாப்பிடு.

— வேண்டாம். சாயங்காலம் எங்க வீட்டுக்கு ஜெபம் பண்ண வருவீங்களா?

— வானத்தைப் பத்திப் பாடம் எடுக்கிற புரொபசர் வீட்டுல இந்த பாஸ்டருக்கு இதுவரைக்கும் ஒரு வாய்த் தண்ணிகூடக் கிடைச்சதில்லையே.

— வாங்க. வந்து என் பொண்டாட்டி மோரெனிக்கே முன்னாடி, எங்க எனியோலாவைக் கடவுள்தான் எடுத்துக்கிட்டார்னு சொல்லுங்க.

— யாரு பேசறது? உன் கடவுளுக்குக் கையே கிடையாதேப்பா. கிரகணத்தை நிமிஷம் தப்பாமக் கொண்டுவர்ற ஒழுங்குதான் கடவுள், அதுக்குக் காது இல்லை, கோபமும் இல்லைன்னு என் சபை வாசல்லயே நின்னு சொன்னவன் நீ.

— இப்பவும் அதேதான். அந்த ஒழுங்கு என் பொண்ணு ரத்தத்துலயும் இருந்துச்சு. ஏழு வயசுல கணக்கை முடிச்சிருச்சு.

— அப்புறம் எதுக்கு என்கிட்ட இந்தச் சரக்கைக் கேக்கறே? இருபது வருஷம் சந்தையில துணி வித்தவன் நான். கிழிசலை உள்பக்கமா மடிச்சு வித்ததெல்லாம் அங்கே. இங்கே வச்சுக்கறதில்லை.

— கல்யாணத்துக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை அட்டை கேட்டீங்களே, பாஸ்டர்.

— எல்லாச் சபையும் கேக்கும். ரெண்டு பேர் ரத்தத்துலயும் அந்த அரிவாள் செல் கோளாறு இருந்தா மோதிரம் மாத்த விடமாட்டோம். மோரெனிக்கே அட்டையில இருந்துச்சு, உன்னோடதுல இல்லை. குழந்தைக்கு நோய் வந்தப்புறம் ஆய்வகத்துத் தப்புன்னு நீதானே சொன்னே?

— ஆய்வகத்துத் தப்பில்லை. அங்க ஒருத்தனைப் பிடிச்சு நான்தான் மாத்தி எழுத வச்சேன்.

— கர்த்தரே.

— நாலில் ஒண்ணுதான், பாஸ்டர். நாலு குழந்தை பொறந்தா ஒண்ணுக்கு வரலாம். மீதி மூணு பங்கு என் பக்கம் இருந்துச்சே. அவளை விட்டுட்டு என்னால இருக்க முடியலை.

— யார்கிட்டப்பா பேரம் பேசினே? காது இல்லாதவர்கிட்டயா?

— அவளுக்குத் தெரிஞ்சா என் முகத்துல முழிக்கமாட்டா. கடவுள்னு சொன்னா அழுது தீர்த்துட்டு என்கூடவே இருப்பா. எனக்குன்னு மிச்சம் அவ ஒருத்திதான்.

— நீ பண்ணினதை அவர் தலையில கட்டச் சொல்றே.

— நான் நம்பாதவர் தலைதானே. தாங்கிக்குவார். சொல்வீங்களா, மாட்டீங்களா?

— உக்காரு, தம்பி. ஒரு மணி நேரம் முன்னாடி மோரெனிக்கே இதே நாற்காலியில உக்காந்திருந்தா. உன் அட்டை பொய்னு எழுதினவனே கல்யாணத்துக்கு முன்னாடி அவகிட்டச் சொல்லிட்டானாம், தெரிஞ்சேதான் உன்னைக் கட்டிக்கிட்டாளாம், அது உனக்குத் தெரிஞ்சா அவளை விட்டுட்டுப் போயிடுவே, அதனால கடவுள்தான் எடுத்துக்கிட்டார்னு உன்கிட்டச் சொல்லச் சொல்லி என் காலைப் பிடிச்சு அழுதுட்டுப் போனா.