சட்டிக்கு அடங்கிய குருந்து

செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, தண்ணீரை அள்ளி ஊற்றுவது. அதைப் பாசம் என்று வேறு நினைத்துக்கொள்கிறார்கள். ஏட்டையா, நீங்கள் சொக்கம்மாளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் என் குருந்தஞ்செடியைச் சொல்லாமல் என் மனைவியைப் பற்றிச் சொல்ல எனக்கு வராது.

குற்றாலத்தில் ஒரு துரை பங்களாவில் நாற்றுத்தோட்டம் உண்டு. சீசன் முடிந்ததும் விலைபோகாத செடிகளைச் சல்லிசாகத் தள்ளிவிடுவார்கள். கோணலாக நின்ற ஒரு குருந்தை யாரும் சீண்டவில்லை. தோட்டக்காரன் ஏசுதாசன் சிரித்துக்கொண்டே, "எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. ஜப்பான்காரன் மரத்தையே தட்டுல வச்சு வளக்குதானாம். ஆணிவேர வெட்டணும், கொப்புல கம்பி சுத்தணும், துளிர்த்தா கிள்ளணும். அம்புட்டுதான்" என்றான். வாங்கி வந்து சட்டியில் வைத்து அப்படியே செய்தேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் இருக்கும். சொக்கம்மாள் அச்சன்புதூர்ப் பெண். குணத்தில் குறை சொல்ல மாட்டேன். என்னைவிட ஒரு சாண் உயரம், அதுதான் சங்கடம். பெண் பார்க்கப் போனபோது உட்கார வைத்தே காட்டிவிட்டார்கள். மணவறையைச் சுற்றி வரும்போதுதான் எனக்கே தெரிந்தது, ஊருக்கும் தெரிந்தது. தென்காசித் தேரோட்டத்தன்று ரதவீதியில் எவனோ, "கொடிமரம் முன்னால போகுது பாருலே, பின்னால பூசாரி வாரான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதை நான் மறக்கவில்லை.

மர டிப்போவில் கணக்கெழுதுகிறவன் நான். தேக்குக் கட்டைக்குப் பஞ்சமில்லை. அடுக்களை வாசல், படுக்கும் அறை, புறவாசல் என்று ஒவ்வொரு நிலையிலும் குறுக்கே ஒரு கட்டையை இறக்கி அடித்தேன். எனக்கு இடிக்காது. அவள் குனிய வேண்டும். முதல் மாதம் நெற்றியெல்லாம் வீங்கியது, பிறகு பழகிவிட்டாள். சோற்றையும் கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன். மெலிந்தால் உயரம் இன்னும் எடுத்துக் காட்டியது, அதனால் விட்டுவிட்டேன். நான் கொடுமைக்காரன் இல்லை.

ஒரு சாரல் சீசனில், கெஞ்சுகிறாளே என்று ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். விழுகிற தண்ணீருக்கடியில் நிமிர்ந்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு, முழு உயரத்துக்கும் நின்றாள். எனக்குப் பயமாக இருந்தது. திரும்பும் வழியெல்லாம் தன் அண்ணன் பேச்சுதான். சின்ன வயதில் தோளில் தூக்கி வைத்து அருவியைக் காட்டுவானாம். "எங்கண்ணன் மட்டும் வந்தாம்னா அந்தக் கட்டையெல்லாம் பிடுங்கி அடுப்புல வச்சிருவான்" என்றாள், விளையாட்டாகத்தான். ஆணிவேர் எது என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

அண்ணன் அய்யாக்குட்டியைப் போய்ப் பார்த்து, அவளுக்குக் காசநோய், பிள்ளைகுட்டிக்காரன் நீ வீட்டுப் பக்கம் வந்துவிடாதே என்று சொன்னேன். அவளிடம், அவன் வாந்திபேதியில் போய்விட்டான், தொற்று என்பதால் அன்றே எரித்துவிட்டார்கள் என்றேன். ரொம்ப நாள் அழுதாள். நான் வாசலை வெளியே பூட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போய்வந்தேன்.

சில வருடங்களில் முதுகு படிந்துவிட்டது. கட்டை இல்லாத முற்றத்திலும் குனிந்தே நடந்தாள். அக்கம்பக்கத்தார் எங்களைப் பொருத்தமான ஜோடி என்றார்கள். குருந்தின் கம்பியை அவிழ்த்தேன். கொப்பு வளைந்தபடியே நின்றது. அந்த வாரத்திலிருந்து வாசலைப் பூட்டுவதையும் விட்டுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை அய்யாக்குட்டி வந்துவிட்டான். காசநோய்க்காரி எப்படி இத்தனை வருடம் தாங்குகிறாள் என்று யாரோ அவனிடம் கேட்டிருக்கிறார்கள். நான் முற்றத்தில் துளிர் கிள்ளிக்கொண்டிருந்தேன். தெருவாசலில் நின்று, "ஏட்டி சொக்கம்மா, அண்ணன் வந்திருக்கேன்" என்று கூப்பிட்டான்.

அவளுக்கு அது செத்தவன் குரல். கிணற்றடியிலிருந்து ஓடி வந்தாள். நிமிர்ந்து ஓடி வந்தாள், ஏட்டையா. அருவியில் நின்ற அதே உயரம். "அண்ணே" என்பது பாதிதான் வாயில் வந்தது. புறவாசல் கட்டையில் நெற்றி மோதி, பின்னால் சாய்ந்து துவைகல்லில் விழுந்தாள். பொழுது சாயும் முன்னே போய்விட்டாள்.

அந்தச் சத்தம் என்னை விட்டுப் போகவில்லை. இந்த ஸ்டேஷன் வாசல் யானை நுழைகிற உயரம். இருந்தும் நான் குனிந்துதான் உள்ளே வந்தேன், நீங்களே பார்த்தீர்கள். கண்ணை மூடினால் தண்ணீருக்கடியில் நிற்கிறாள். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறாள்.

நான் அவளைப் பிடித்துத் தள்ளினேன் என்று அய்யாக்குட்டி எழுதிக் கொடுத்திருக்கிறானாம். நான் தொடவே இல்லை. ஆனாலும் அவள் சாவுக்குக் காரணம் நான்தான், மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். கம்பியை அவசரப்பட்டு அவிழ்த்துவிட்டேன். இன்னும் ஒரு வருடம் பொறுத்திருக்க வேண்டும்.